கேமரா, முகம், முன்கணிப்பு: காவல்துறைக் கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட உதவி முகாம்களிலும் கல்லூரிக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. இது பொதுவான விளக்கம். உங்கள் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

நான் தப்பு எதுவும் செய்யல. கேமரா இருந்தா எனக்கென்ன?

ஒரு தெருமுனையில் ஒரு கேமரா இருப்பது வேறு. ஊர் முழுக்க உள்ள கேமராக்களை ஒரே இடத்தில் இணைத்து, முகத்தையும் வண்டி எண்ணையும் தேடும் மென்பொருளைப் பொருத்துவது வேறு. முதலாவதில் உங்களைப் பார்ப்பது ஒரு நொடி. இரண்டாவதில் நீங்கள் எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள், எந்தக் கூட்டத்தில் நின்றீர்கள், யாரோடு நடந்தீர்கள் என்பதைப் பின்னோக்கி எடுத்துப் பார்க்கலாம். 2021-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் ஒரு சதுர மைலுக்கு எத்தனை கேமரா என்ற கணக்கில் உலக நகரங்களில் டெல்லி முதலிடத்திலும் சென்னை மூன்றாமிடத்திலும் இருந்தன.

தப்பு செய்யாதவருக்கும் இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, மென்பொருள் ஆளை மாற்றிச் சொல்வது. மற்றொன்று, சேர்த்து வைத்த தரவு வெளியே போவது. தமிழ்நாடு காவல்துறையின் முகம் கண்டறியும் வலைவாசலுக்குள் 2024 மே மாதம், திருடிய கடவுச்சொல்லை வைத்து வெளியாட்கள் நுழைந்தார்கள். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது.

தனியுரிமை அடிப்படை உரிமைன்னு சொல்றாங்க. அரசியல் சட்டத்துல அந்த வார்த்தையே இல்லையே?

அந்தச் சொல் இல்லை. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, 21-வது பிரிவு தரும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமைக்குள் தனியுரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: அதற்கென ஒரு சட்டம் இருக்கிறதா? நோக்கம் நியாயமானதா? நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும்தான் தலையிடுகிறதா? இந்தப் பக்கத்தின் பல பதில்களில் இந்த மூன்று கேள்விகள் திரும்ப வரும்.

1962-இல் கரக் சிங் வழக்கிலேயே இந்தப் பிரச்சினை வந்தது. சந்தேக நபர் என்று பதிவான ஒருவர் வீட்டுக் கதவை போலீஸ் நள்ளிரவில் தட்டியதை நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் தனியுரிமை என்று ஓர் உரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது. நீதிபதி சுப்பா ராவ் அதை ஏற்காமல் தனித் தீர்ப்பு எழுதினார். அவர் பக்கம்தான் சரி என்று சொல்ல 55 ஆண்டுகள் பிடித்தன.

முன்கணிப்புக் காவல்னா என்ன? யார் திருடுவான்னு கம்ப்யூட்டர் சொல்லிடுமா?

இரண்டு வகை உண்டு. இடத்தைக் கணிப்பது முதல் வகை. அமெரிக்காவில் பிரெட்போல் என்ற மென்பொருள் பழைய குற்றப் பதிவுகளிலிருந்து குற்ற வகை, இடம், நேரம் ஆகிய மூன்றையும் எடுத்து, நகரத்தை 500 அடிக்கு 500 அடி கட்டங்களாகப் பிரித்து, இன்று எந்தக் கட்டத்தில் ரோந்து போக வேண்டும் என்று சொன்னது. நிலநடுக்கத்துக்குப் பின் வரும் சிற்றதிர்வுகளைக் கணக்கிடும் சூத்திரம்தான் அதன் அடிப்படை. ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் பக்கத்திலேயே அடுத்தது நடக்கலாம் என்ற எண்ணம்.

ஆளைக் கணிப்பது இரண்டாவது வகை. சிகாகோ காவல்துறை சுமார் 4 லட்சம் பேருக்கு 0 முதல் 500 வரை மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தது. சுடப்படவோ சுடவோ யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பதே அந்த மதிப்பெண். பட்டியலில் தன் பெயர் இருப்பதோ, எதற்காக இருக்கிறது என்பதோ பெரும்பாலோருக்குத் தெரியாது.

அது சரியா வேலை செய்யுதா?

வெளியில் வந்த கணக்குகள் சாதகமாக இல்லை. நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டு நகரத்துக்கு 2018-இல் பிரெட்போல் கொடுத்த 23,631 கணிப்புகளைப் பத்திரிகையாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பதிவான குற்றத்தோடு ஒத்துப்போனவை 100-க்கும் குறைவு. சிகாகோ பட்டியலின் தொடக்க வடிவத்தை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், கொலைகள் அதனால் குறையவில்லை என்றது. சிகாகோ 2019-இல் அதைக் கைவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் 2020 ஏப்ரலில் பிரெட்போலை நிறுத்தியது. அந்த மென்பொருளை முதலில் பயன்படுத்திய நகரங்களில் ஒன்றான சாண்டா குரூஸே அதே ஆண்டு ஜூனில் முன்கணிப்புக் காவலுக்குத் தடை போட்டது. ஒருவரின் குணநலன்களை மட்டும் வைத்து அவர் குற்றம் செய்வார் என்று கணிப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு சாதி மதம் தெரியாதே. அது எப்படி பாரபட்சம் காட்டும்?

கணினியிடம் போவது நடந்த குற்றங்களின் கணக்கு அல்ல, போலீஸ் பதிவு செய்த குற்றங்களின் கணக்கு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். ஒரு குப்பத்தில் தினமும் ரோந்து போனால் கஞ்சாப் பொட்டலமும் சீட்டாட்டமும் கண்ணில் படும், வழக்காகும். காவலாளி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் அதே பொட்டலம் இருந்தாலும் ரோந்து அங்கே போகாது, வழக்காகாது. கணினி இந்தப் பதிவைப் படித்து, குப்பத்துக்கு இன்னும் இரண்டு ரோந்து அனுப்பச் சொல்லும். அதில் இன்னும் வழக்குகள் வரும். அடுத்த மாதம் அந்த வழக்குகளையும் சேர்த்துப் படிக்கும். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரப் போதைப்பொருள் வழக்குகளை வைத்து 2016-இல் ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். போதைப் பழக்கம் நகரம் முழுக்கப் பரவியிருந்தது என்பது சுகாதாரக் கணக்கெடுப்பின் மதிப்பீடு. மென்பொருளோ ஏழைகளும் கறுப்பினத்தவரும் வாழும் பகுதிகளையே மீண்டும் மீண்டும் காட்டியது. சாதி என்ற கட்டம் படிவத்தில் இல்லாவிட்டாலும், தெருப் பெயர் அந்த வேலையைச் செய்துவிடும்.

நமக்கு இது புதிதல்ல. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்து குற்றத்தைக் கணித்தது. சென்னை மாகாணத்தில் 1911-க்குப் பிறகு அது அமலானபோது, ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் ஊரை விட்டுப் போனால் சீட்டு வாங்க வேண்டும் என்ற நிலை வந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் இறந்தார்கள். அந்தச் சட்டம் ஒழிந்த பிறகும் ‘வழக்கமான குற்றவாளி’ என்ற பெயரில் அதே பேரேடுகள் தொடர்ந்தன. பழைய பேரேட்டைக் கணினியில் ஏற்றினால் அதன் பழைய சந்தேகமும் கூடவே ஏறும்.

இதெல்லாம் அமெரிக்காவுல. இங்க வந்திருக்கா?

டெல்லி காவல்துறை சிமேப்ஸ் என்ற வரைபட அமைப்பை வைத்திருக்கிறது. 100-க்கு வரும் அழைப்புகளை வரைபடத்தில் குறித்து, குற்றம் மிகுந்த இடங்களைக் காட்டும் முறை அது. மேலே சொன்ன சிக்கல் இதற்கும் உண்டு. யார் 100-க்கு அழைக்கிறார்கள், யாரைப் பற்றி அழைக்கிறார்கள் என்பதிலேயே சாய்வு தொடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது முகம் கண்டறியும் செயலி. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது. காவலர் தன் கைபேசியில் ஒருவரைப் படம் பிடித்தால், காவல் நிலையப் பதிவுகளில் உள்ள படங்களோடு அது ஒப்பிடும். இது முன்கணிப்பு அல்ல. ஆனால் யாரைப் படம் பிடிப்பது என்று காவலர் தேர்ந்தெடுக்கும் அந்த நொடியில் பழைய சந்தேகம்தான் வேலை செய்கிறது.

ராத்திரி வண்டியை நிறுத்தி, போன்ல என் முகத்தைப் படம் எடுக்கிறாங்க. முடியாதுன்னு சொல்லலாமா?

அளவீடுகள் எடுக்கும் அதிகாரம் 2022-இன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தில் இருக்கிறது. புகைப்படம், கைரேகை, கருவிழி எல்லாம் அதில் அடக்கம். தண்டனை பெற்றவர், நன்னடத்தைப் பிணை கொடுக்க உத்தரவிடப்பட்டவர், கைதானவர் ஆகிய மூவகையினருக்கே அது பொருந்தும். மற்றவரிடம் எடுக்க நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். சாலையில் போகும் ஒருவரை நிறுத்தி முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தனியாக ஒரு சட்டம் இல்லை. புட்டசாமி தீர்ப்பின் முதல் கேள்வியிலேயே இது தடுமாறுகிறது.

சட்டம் அப்படி இருந்தாலும், நள்ளிரவில் வாக்குவாதம் செய்வது உங்களுக்குத்தான் ஆபத்து. உரிமத்தைக் காட்டுங்கள். “சார், நான் கைதா? எந்த வழக்குக்காகப் படம் எடுக்கிறீங்க?” என்று தணிந்த குரலில் கேளுங்கள். கையைத் தட்டிவிடாதீர்கள், வண்டியைக் கிளப்பாதீர்கள். இடம், நேரம், பெயர்ப் பட்டையில் உள்ள பெயர், ரோந்து வண்டி எண் ஆகியவற்றை வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள். மறுநாள் எழுத்தில் கேட்பதற்கு அதுதான் ஆதாரம். ஆனால் கைதான பிறகு அளவீட்டை எதிர்த்துத் திமிறினால் அது தனிக் குற்றமாகும்.

99 சதவீதத்துக்கு மேல துல்லியம்னு விளம்பரம் பண்றாங்களே. அப்புறம் என்ன பயம்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ரயில் நிலையத்தில் 10 லட்சம் பேர் கடக்கிறார்கள். அவர்களில் தேடப்படுபவர்கள் 100 பேர். மென்பொருள் அவர்களில் 90 பேரைப் பிடிக்கிறது. மற்றவர்களில் ஆயிரத்தில் ஒருவரை மட்டும் தவறாகக் காட்டுகிறது. விளம்பர மொழியில் இது 99.9 சதவீதம். ஆயிரத்தில் ஒருவர் என்றால் சுமார் 1,000 பேர். ஆக மொத்தம் 1,090 எச்சரிக்கைகளில் சரியானவை 90. ஒவ்வொரு 12 பேரில் 11 பேர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். தேடப்படுபவர் எண்ணிக்கை அப்படியே இருந்து கூட்டம் மட்டும் பெருகினால் இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

நடைமுறையில் வெளிச்சம், கேமரா கோணம், முகக்கவசம், பத்து வருடப் பழைய படம் எல்லாம் சேர்ந்து துல்லியத்தைக் குறைக்கும். காணாமல் போன குழந்தைகளைத் தேடப் பயன்படுத்திய மென்பொருள் 2 சதவீதம் மட்டுமே சரியாகச் சொன்னதாக 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2019-இல் சோதித்தபோது, பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகமாக மாற்றிச் சொன்னது தெரிந்தது.

இன்னொன்று கவனியுங்கள். மென்பொருள் ‘ஆம், இல்லை’ என்று சொல்வதில்லை, ஒற்றுமை சதவீதம்தான் சொல்கிறது. எத்தனைக்கு மேல் ‘பொருந்தியது’ என்று கொள்வது என்பது மனிதர் வைக்கும் வரம்பு. டெல்லி காவல்துறை 80 சதவீதத்தை வைத்திருந்தது 2022-இல் ஒரு தகவல் உரிமை மனுவுக்கான பதிலில்தான் தெரிய வந்தது. உங்கள் வழக்கில் முகப் பொருத்தம் ஆதாரமாக வந்தால், வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியது இந்த வரம்பையும், அடுத்தடுத்துப் பொருந்திய மற்ற முகங்களின் பட்டியலையும்தான்.

ஆதார்ல என் கைரேகை இருக்கே. போலீஸ் அதை எடுத்துப் பார்க்கலாமா?

சாதாரணக் குற்ற விசாரணைக்கு முடியாது. கைரேகையும் கருவிழியும் எந்தக் காரணத்துக்காகவும் பகிரப்படக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவு சொல்கிறது. பெயர், முகவரி போன்ற விவரங்களைத் தர உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு வேண்டும். தேசப் பாதுகாப்புக்கு மட்டும் தனி விலக்கு உண்டு, அதற்கும் செயலாளர் நிலை அதிகாரியின் உத்தரவு தேவை.

கேஸ்ல விடுதலை ஆயிட்டேன். என் கைரேகையும் போட்டோவும் இன்னும் அவங்ககிட்ட இருக்குமா?

முன்பே சொன்ன 2022 சட்டத்தின்படி தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அளவீடுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஆனால் 4-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர், விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, மேல்முறையீடுகள் முடிந்த பிறகு பதிவுகளை அழிக்க வேண்டும். அழிக்க வேண்டாம் என்றால் நீதிமன்றம் காரணத்தை எழுதி உத்தரவிட வேண்டும்.

தானாக நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல், மேல்முறையீடு இல்லை அல்லது முடிந்துவிட்டது என்பதற்கான ஆவணம், குற்ற எண், காவல் நிலையப் பெயர் ஆகியவற்றோடு மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் மனு அனுப்புங்கள். பலரும் தவறவிடுவது மேல்முறையீடு பற்றிய ஆவணத்தை. அது இல்லாமல் போனால் மனு அப்படியே கிடப்பில் கிடக்கும்.

பத்து வருஷம் முன்னாடி ஒரு அடிதடி. இன்னும் ரவுடி ஷீட்ல பேர் இருக்கு. எடுக்க முடியுமா?

முடியும். ரவுடி ஷீட் போன்ற சரித்திரப் பதிவேட்டைத் திறப்பதும் நீட்டிப்பதும் காவல்துறையின் உள்விதிகளான நிலையாணைகளின்படி நடக்க வேண்டும். காலக்கெடு முடிந்ததும் உயரதிகாரி பார்த்து, காரணம் எழுதி நீட்டிக்க வேண்டும், தானாக ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது. நியாயமான காரணம் இல்லாமல் ஒருவரைக் கண்காணிப்புப் பதிவேட்டில் வைக்கக் கூடாது என்றும், கண்காணிப்பு அவர் மானத்தைக் கெடுக்காமல் மறைவாக நடக்க வேண்டும் என்றும் 1980-இல் மாலக் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் டெல்லி சரித்திரப் பதிவேடு ஒன்றைப் பற்றிய வழக்கில், இவை காவல்துறையின் உள் ஆவணங்கள், பொதுவில் வரக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. பின்தங்கிய, பட்டியலின, பழங்குடி மக்களின் பெயர்கள் இயந்திரத்தனமாக இதில் ஏறுகின்றன என்ற கவலையையும் பதிவு செய்து, எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையைப் பார்க்கச் சொன்னது.

முதலில் கண்காணிப்பாளருக்கு மனு. வழக்குகளின் பட்டியல், ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது, கடைசி வழக்கு எந்த ஆண்டு என்பது ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ நீதிப் பேராணை மனு. இப்படி வரும் மனுக்களை உயர் நீதிமன்றம் தொடர்ந்து விசாரித்து வருகிறது.

போனை ஒட்டுக் கேட்க யாரோட அனுமதி வேணும்?

ஒன்றிய அல்லது மாநில உள்துறைச் செயலாளரின் எழுத்து உத்தரவு. 1996 டிசம்பரில் பியுசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 விதிகளும் அமலில் உள்ளன. ஓர் உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளுக்கு மேல் போகாது. மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு அதை மறுஆய்வு செய்ய வேண்டும்.

பொது அவசர நிலை அல்லது பொதுப் பாதுகாப்பு, இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் உத்தரவே போட முடியும். 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-இல் போடப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். குற்றத்தைத் துப்புத் துலக்குவது மட்டுமே காரணமாகாது என்பது அந்தத் தீர்ப்பு. அதற்குச் சில நாள் முன் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு திசையில் தீர்ப்பளித்திருந்ததால், உங்கள் வழக்கில் எது பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

“போனைக் கொடு, லாக்கை எடு”ன்னு சொன்னா?

வழக்கு விசாரணைக்காகக் கைபேசியைக் கைப்பற்றலாம். கைப்பற்றினால் கைப்பற்றுதல் மகஜர் எழுதி நகல் தர வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவுப்படி அதை ஒலி, ஒளிப்பதிவும் செய்ய வேண்டும். மகஜரில் கைபேசியின் ஐஎம்இஐ எண்ணும், தரவு நகலெடுத்தால் அதன் ஹாஷ் மதிப்பும் எழுதச் சொல்லுங்கள். ஹாஷ் என்பது தரவின் விரல்ரேகை மாதிரி. பின்னால் ஒரு கோப்பைச் சேர்த்தாலும் மாறிவிடும். பல வழக்குகளில் இந்த ஒரு வரி எழுதப்படாததால்தான் பிறகு வாதாட வழியில்லாமல் போகிறது.

கடவுச்சொல்லைச் சொல்ல வற்புறுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபடவில்லை. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20(3) பிரிவை வைத்து மறுக்கலாம், “என் வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்” என்பது சட்டப்படி சரியான பதில். சாலைச் சோதனையில், வழக்கே இல்லாமல், வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டச் சொல்வதற்குச் சட்ட ஆதாரம் கிடையாது.

2023-ல தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துதே. அது காப்பாத்தாதா?

கடைக்காரரிடமும் செயலி நிறுவனத்திடமும் காப்பாற்றும். காவல்துறையிடம் பெரிதாக இல்லை. குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, விசாரிக்கத் தரவைப் பயன்படுத்தினால் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது என்று 17-வது பிரிவு விலக்குகிறது. அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு முழு விலக்கும் தரலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்த விலக்கு அப்படியே இருக்கிறது. அதனால்தான் புட்டசாமி தீர்ப்பின் மூன்று கேள்விகளே இன்னும் உங்கள் முதல் ஆயுதம்.

ஆர்டிஐ போட்டா பதில் வருமா? என்ன கேக்கணும்?

கருத்துக் கேட்டால் வராது, ஆவணம் கேட்டால் வாய்ப்பு அதிகம். “ஏன் கண்காணிக்கிறீர்கள்?” என்பது வீண். இப்படிக் கேளுங்கள்: முகம் கண்டறியும் மென்பொருள் வாங்கிய அரசாணையின் நகல், பொருத்தமாகக் கொள்ளும் சதவீத வரம்பு, ஓராண்டில் எத்தனை தேடல், அவற்றில் எத்தனை தவறு என்று பதிவானது, படத்தை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில், இல்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

“விசாரணை பாதிக்கும்” என்று மறுத்தால், எப்படிப் பாதிக்கும் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அலுவலருடையது என்பதை மேல்முறையீட்டில் எழுதுங்கள். உளவுப் பிரிவுகளுக்கு விலக்கு இருந்தாலும், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார் என்றால் அந்த விலக்கு செல்லாது.

ஸ்டேஷன்ல என்னை அடிச்சாங்க. அங்க இருக்கிற கேமரா பதிவு எனக்குக் கிடைக்குமா?

கேட்க உரிமை உண்டு. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்கப், நடைபாதை, ஆய்வாளர் அறை ஆகிய இடங்களில் ஒலியோடு பதியும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி இல்லாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பதிவைக் கேட்டு மனித உரிமை ஆணையத்துக்கோ மனித உரிமை நீதிமன்றத்துக்கோ போகலாம்.

அன்றைக்கே செய்ய வேண்டியது பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் கடிதம். நிலையத்தின் பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எந்த அறைகளில் இருந்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, “மேற்படி நேரத்துக்கான சிசிடிவி பதிவை அழிக்காமல் பாதுகாக்கக் கோருகிறேன்” என்று கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அனுப்புங்கள். எதிரில் உள்ள டீக்கடை, ஏடிஎம் கேமராக்களின் பதிவுக்காகக் கடைக்காரருக்கும் வங்கிக்கும் அதே கடிதம் போகட்டும். கடைகளில் இருக்கும் டிவிஆர் பெட்டிகள் வட்டு நிரம்பியதும் பழையதன் மேலேயே பதியும், சிலவற்றில் ஒரு வாரத்திலேயே போய்விடும். அரசு மருத்துவமனையில் காயச் சான்று வாங்கும்போது நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கேமரா நேரத்தோடு அதுதான் ஒத்துப்போக வேண்டும்.